அம்மா அடித்து வைத்த ஆணி

காலையில் லெப்டொப் நீலத் திரையோடு நின்றுவிட்டது. நாளைக்கு ஒன்லைனில் நேர்முகத் தேர்வு. வெள்ளவத்தையில் கணினி திருத்தும் கடைக்கு ஓடினேன்.

"பென்டிரைவ் ஒண்டு தாங்கோ தங்கச்சி. அதில விண்டோஸைப் போட்டுத்தான் இதை எழுப்பவேணும்," என்றார் கடைக்கார அண்ணா. பையில் கிடந்ததைக் கொடுத்தேன்.

அதைத் தன் பெரிய திரையில் திறந்து, முதலில் இருந்த வீடியோவை அழுத்தினார். அதில் நான் கண்ணாடி முன் நின்று, ஆங்கிலத்தில் என்னை அறிமுகப்படுத்திப் பழகிக்கொண்டிருந்தேன். கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பென்டிரைவுக்கு உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் அழியும். பரவாயில்லையோ?"

"ஓம் அண்ணா, அழியுங்கோ." வீடியோவில் என் குரல் நின்றால் போதும் என்றிருந்தது.

"ஒருக்கா வடிவாப் பாத்திட்டுச் சொல்லுங்கோ."

"ஒண்டும் இல்லை அண்ணா."

ஒரு மணித்தியாலத்தில் லெப்டொப் எழும்பிவிட்டது. வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்கிறார், "பட்டமளிப்புப் படத்தைப் பெரிசா அடிக்கக் குடுத்தனியோ?" சுவரில் ஆணியும் அடித்து வைத்திருக்கிறார்.

படங்கள் அந்தப் பென்டிரைவில்தான் இருந்தன. லெப்டொப்பில் இடமில்லை என்று போன மாதம் நானே மாற்றினேன். எங்கள் குடும்பத்தில் கறுப்பு அங்கியோடு வேறு யாருடைய படமும் இல்லை.

"நாளைக்குக் குடுக்கிறன் அம்மா," என்றேன்.

அழிந்த படங்களை மீட்கத் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

சித்தி, நீங்கள் மட்டும் லைக் போடாமல் இந்தப் பதிவை மறைத்துவிடுங்கள். அம்மா உங்கள் ஃபோனில்தான் என் பதிவுகளைப் பார்க்கிறார்.