நாற்பது டிகிரி

தளவாய்க்குத் தன் முதுகைவிடப் பீர் மைதீனின் முதுகுமேல்தான் கண்.

குற்றாலத்தில் இருபது வருஷம் பரோட்டா வீசிய மாஸ்டர் தளவாய். சீசன் கூட்டத்தில் மாவுச் சட்டியோடு வழுக்கி விழுந்து, முதுகெலும்பில் நாலு ஸ்க்ரூவும் இரண்டு கம்பியும் வாங்கிக்கொண்டார். அடுத்த கட்டிலில் அதே ஆபரேஷன் செய்துகொண்டவர் கடையநல்லூர் பீர் மைதீன். துபாயில் கிரேன் ஓட்டுபவர்.

தென்காசி ஆஸ்பத்திரியில் இருவருக்கும் மாதாமாதம் சோதனை. பிசியோ பெஞ்சமின் முதுகில் மினுங்கும் பொட்டுகளை வரிசையாக ஒட்டிக் குனியச் சொல்வார். கேமராக்கள் அந்தப் பொட்டுகளைப் பார்த்து, எவ்வளவு குனிந்தார்கள் என்று டிகிரியில் காட்டும். மூன்றாவது சோதனைக்குப் பிறகுதான் தளவாய் பரோட்டாக் கல்லுக்குத் திரும்பலாமா என்று தெரியும். முதலாளியோ வேறு மாஸ்டர் தேட ஆரம்பித்துவிட்டார்.

"எனக்கு அம்பத்தஞ்சு வே, உமக்கு?" என்று பீர் போன மாதம் கேட்டார்.

முப்பத்தொன்பது. சொல்ல வாய் வருமா? அந்த மனுஷன் செருப்பை எடுக்கச் சட்டென்று குனிந்ததைப் பார்த்தபோது தளவாய்க்கு வயிறு பற்றி எரிந்தது. வீட்டில் சங்கரேஸ்வரி வேறு, "அவுக எப்படிக் குனியுதாக, நீங்க கட்டையா நிக்கீகளே" என்று எண்ணெய் ஊற்றினாள்.

மூன்றாவது சோதனையன்று காலையில் யாரிடமும் சொல்லாமல் குற்றாலம் போனார். எண்ணெய் தேய்க்கிறவரிடம் முதுகைக் கொடுத்தார். எண்ணெய் காட்டினால் மாவே இழுத்த இழுப்புக்கு வருகிறது, முதுகு வராதா? அருவியில் தலையைக் காட்டிவிட்டு நேரே தென்காசிக்கு வந்து குனிந்தார்.

திரையில் அறுபத்திரண்டு!

"பாத்தீகளா! எங்க பீரு? கூப்பிடுங்கய்யா அவரை!"

பெஞ்சமின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். "எண்ணெய் தேச்சிட்டா வந்தீக, அண்ணாச்சி? பொட்டு பூரா வழுக்கி இறங்கிட்டு. கேமராவுக்கு என்ன தெரியும், பாவம்."

துடைத்து, புதிதாக ஒட்டி, மறுபடி குனிந்தார். நாற்பது. தளவாய்க்கு முகம் செத்துப்போனது.

பெஞ்சமின் அந்த அளவையும் எக்ஸ்ரேயையும் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார். "எதுக்கு மூஞ்சியத் தூக்குதீக? ஸ்க்ரூ போட்ட இடம் அசையவே கூடாது. உங்களுக்கு அங்கன அசையாம நிக்கி. அடுத்த மாசம் வேலைக்குப் போலாம்னுட்டாரு."

வெளியே பெஞ்சில் பீர் மைதீன் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு வே?"

"நாப்பது."

"எனக்கு அறுபது. ஸ்க்ரூ தளந்துட்டாம், அந்த இடமே ஆடுதாம். மறுபடி அறுக்கணுங்காக. விசாவும் போச்சு." அவர் கண் தளவாயின் முதுகை விட்டு நகரவில்லை. "நாப்பது! குடுத்துவச்ச ஆளு வே நீரு."

அந்தப் பார்வை தளவாய்க்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதமாகத் தானே பீரைப் பார்த்த பார்வைதான்.

பீர் செருப்புக்குக் குனியப் போனார்.

"இரும், நான் எடுத்துத் தாரேன்" என்று தளவாய் தன்னால் முடிந்த நாற்பது டிகிரியும் குனிந்தார்.