‘அழை’ என்றுதான் எழுத நினைத்தேன்

கைத்தொலைபேசிக்குச் செயலி அமைக்கும் கலையைக் காணொளிகளைப் பார்த்தே பயின்றேன். நயினாதீவில் தனித்து வாழும் எனக்கு, ஆபத்து நேர்ந்தால் ஒரே தொடுகையில் படகோட்டியை அழைக்கும் ஒரு பொத்தானே என் முதற் செயலி. பலமுறை சோதித்தேன், பழுதின்றி இயங்கியது.

ஒரு நண்பகல், மீன் கொண்டுவந்த பெண்ணுடன் பேசிக்கொண்டிருக்கையில் நெஞ்சை இறுக்கியது. நாவெழவில்லை. செயலியைத் திறந்து, தொலைபேசியை அவர் கையில் திணித்தேன். அவருடைய விரல் பொத்தானுக்கு மேலே நின்றுவிட்டது.

“ஐயா, இதில ‘அழி’ எண்டெல்லோ கிடக்கு. அமத்தினா உள்ளதெல்லாம் போயிடாதோ?”

‘அழை’ என்பதை ‘அழி’ எனத் தட்டச்சிட்டிருந்தேன். விளக்கிச் சொல்லக் குரல் வரவில்லை. நான் எழுதிய ஒரு சொல்லே என்னைக் கொல்லப்போகிறது என்று நடுங்கினேன். அவரோ தொலைபேசியைப் பத்திரமாகக் கதிரையில் வைத்துவிட்டு, இறங்குதுறைக்கு ஓடிப் படகோட்டியைக் கூட்டிவந்தார்.

குணமடைந்து நன்றி கூறச் சென்றபோது அவர் முதலில் கேட்டது இதுதான்: “போனில ஒண்டும் அழியேல்லைத்தானே ஐயா?”

சோதித்த வேளைகளில் என் கண்கள் எழுதியதை வாசிக்கவில்லை, நினைத்ததையே வாசித்தன. இப்போது எந்தப் பொத்தானையும் முதலில் அவரே எனக்கு வாசித்துக் காட்டுகிறார்.