சிவப்பில் தெரியும் பெயர்

போன வருடம் போகியன்று காலை, செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நண்பர் என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் ஒட்டடை அடித்து முடித்தவரின் திருப்தி.

ஓய்வு பெற்றபின் பொழுதுபோக்காக, இணையத்தில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்திருந்தேன். எங்கோ இருக்கும் அந்தக் கணினியைக் கட்டளைகள் தட்டச்சு செய்துதான் இயக்க வேண்டும். நண்பரின் மனைவி இறந்தபின், அந்த அம்மா அவருக்கு அனுப்பியிருந்த குரல் பதிவுகளை அதில் ஏற்றிவைத்தோம். ‘சோறு ஆறிப்போவுது, கடைய மூடிட்டு வாங்க.’ ‘வரும்போது கருவேப்பில வாங்கினு வாங்க.’ அவ்வளவுதான். கைப்பேசியில் இடம் போதாமல், அதில் இருந்தவற்றை நண்பர் அழித்துவிட்டார்.

அவருக்கு முறைப்படி கற்றுக்கொடுத்தேன்: இருப்பதைப் பார்க்க ls, உள்ளே போக cd, அழிக்க rm. சுலபமாகத் திறக்கட்டும் என்று, உள்ளே பதிவுகள் இருந்த கோப்புறைக்கு அதே பெயரில் முகப்பில் ஓர் இணைப்பும் போட்டேன். அது இன்னொரு பிரதி அல்ல. இடத்தைக் காட்டும் கைகாட்டி. அதை மட்டும் சொல்லவில்லை.

“உங்க சர்வருக்கும் போகி கொண்டாடிட்டேன் சார்,” என்றார். “ஒரே சரக்கு ரெண்டு எடத்துல கெடந்துச்சு. உள்ள இருந்தத தூக்கிட்டு, முன்னால இருக்கறத வெச்சுக்கினேன். கடைல அப்படித்தான பண்ணுவோம்.”

ls போட்டுப் பார்த்தேன். பெயர் சிவப்பாக நின்றது. கைகாட்டி இருக்கிறது, அது காட்டிய ஊர் இல்லை என்று பொருள்.

“பேர் இருக்குதே சார்.”

“பேர் மட்டும்தான்பா இருக்குது.”

“போன்ல அழிச்சா குப்பைத்தொட்டில கெடக்குமே. அதுல தேடுங்க.”

rm கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. அதைச் சொன்னேன். வாடகைக்கு விட்ட நிறுவனத்துக்கு எழுதினேன். ‘காப்புப் பிரதி வசதியைத் தாங்கள் தேர்வு செய்யவில்லை’ என்று பணிவான பதில் வந்தது. பணியில் இருந்தபோது அதுபோல எத்தனையோ பதில்களை நானே எழுதியிருக்கிறேன். ஒரு குறையும் சொல்ல முடியாத பதில்.

“இன்னா சார், அவ்ளோதானா?” என்றார், படித்துக் காட்டியதும். வாசல்வரை போய்த் திரும்பினார். “அந்தப் பேர எடுத்துடாதீங்க.”

எடுக்கவில்லை. எல்லாக் கட்டளையும் தெரிந்த எனக்கு, அந்தச் சிவப்பு வரிக்குக் கீழே என்ன தட்டச்சு செய்வது என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.