நீல அறையும் பச்சை அறையும்

பேராசிரியை வளர்ந்த வீட்டில் சித்தப்பாமார் ஒரு கட்சி, மாமாமார் எதிர்க்கட்சி. என்ன சண்டை என்று கேட்டால் முறைப்பார்களே தவிர, விவரம் யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்ததால்தான் அவர் மனோதத்துவம் படிக்கப் போனார். இன்றுவரை அதையேதான் குடைந்துகொண்டிருக்கிறார்.

அவருடைய ஆராய்ச்சி எளிமையானது. முன்பின் தெரியாதவர்களைக் கூட்டி, காசைச் சுண்டி, சிலருக்கு நீல அட்டையும் சிலருக்குப் பச்சை அட்டையும் மாட்டிவிட்டு விளையாட விடுவார். கொஞ்ச நேரத்தில் நீலத்துக்குப் பச்சையைக் கண்டால் ஆகாது. ஒவ்வோர் அணியையும் தனித்தனி கேமரா படம் பிடிக்கும். இப்படிப் பல நாடுகளிலிருந்து படங்கள் வந்து குவிந்தன. யார் விட்டுக்கொடுத்தார்கள், யார் முரண்டு பிடித்தார்கள் என்று பார்த்து மதிப்பெண் போட உதவியாளர்கள் உட்கார்ந்தார்கள். இடநெருக்கடி. நீலப் படங்கள் ஓர் அறைக்கு, பச்சைப் படங்கள் எதிர் அறைக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்.

முடிவுகளை அறிவிக்கவேண்டிய மாநாடு நெருங்கியபோது மதிப்பெண்கள் வந்தன. நீலக்காரர்கள் எல்லோரும் தங்கக் கம்பிகள். பச்சைக்காரர்கள் அவர்களைவிடத் தங்கம். அப்படியானால் சண்டை போட்டது யார்?

குழப்பத்தோடு நீல அறைக்குள் எட்டிப்பார்த்தார். எடுத்துப்போன கெட்டிலை எதிர் அறைக்காரர்கள் திருப்பித் தரவில்லை என்று தலைமை உதவியாளர் பொரிந்துகொண்டிருந்தார்.

"அவங்க புத்தியே அப்படித்தான் மேடம். பச்சைன்னாலே அப்படித்தான்."

பேராசிரியைக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த மதிப்பெண்களோடு மேடை ஏறினால் மானம் கப்பலேறும். ஆராய்ச்சியின் வெளிநாட்டுக் கூட்டாளியைத் தொலைபேசியில் பிடித்தார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அங்கே மதிப்பெண் போடும் அவருடைய ஆட்களும் நீலம், பச்சை என்று ஃபிரிட்ஜுக்குள்ளேயே நடுவில் டேப் ஒட்டிப் பாகம் பிரித்துக்கொண்டார்களாம்.

பேராசிரியை பழைய மதிப்பெண்களைத் தூக்கிப்போட்டார். படங்களில் அட்டைகளையெல்லாம் சாம்பல் நிறமாக மாற்றி, எல்லாப் படங்களையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, அத்தனை பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். தங்களுக்குப் பாரபட்சமே கிடையாது, எதிர் அறைக்காரர்களுக்குத்தான் என்று இரு தரப்பும் தனித்தனியாக வந்து காதில் போட்டுவிட்டுப் போனது.

வேலை பாதி முடிந்திருந்தபோது தலைமை உதவியாளர் திரையில் ஒருவனைக் காட்டினார்.

"இவன் நம்ம பையன் மேடம். சிரிப்பைப் பாத்தாலே தெரியல?"

பேராசிரியை தன் கணினியில் தேடினார். பையன் அசல் பச்சை.

"ஆமா, நல்ல சிரிப்பு," என்று சொல்லிவிட்டு, நிம்மதியாக மாநாட்டுக்குப் பயணச்சீட்டு போட உட்கார்ந்தார்.