போர்தோவும் என் மூக்கும்

காய்ச்சல் விட்டுப் போனபோது என் மூக்கையும் கூடவே கொண்டுபோய்விட்டது. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். மூக்கு இருந்த இடத்தில்தான் இருந்தது, மூக்குத்தியும் இருந்தது. வாசனை மட்டும் தெரியவில்லை. வேறு வேலை பார்க்கிறவர்களுக்கு இப்படி ஆனால் சாப்பாடு ருசிக்கவில்லை என்று கொஞ்ச நாள் சலித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். எனக்கு மூக்குதான் பிழைப்பு. புதுச்சேரியில் ஒரு பெரிய ஹோட்டலின் உணவகத்தில் நான் ஒயின் பரிமாறுகிறவள். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று விருந்தாளிக்குச் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், புட்டியைத் திறந்ததும் முகர்ந்து பார்த்து, கெட்டதாக இருந்தால் மேசைக்குப் போகாமல் நிறுத்த வேண்டும்.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு தேர்வு வந்திருந்தது. போர்தோ நகரத்தில் இருக்கும் ஒரு ஹோட்டலுக்கு ஆள் எடுக்க, அங்கிருந்தே ஒரு பிரெஞ்சு அம்மையார் புதுச்சேரிக்கு வருவதாகச் சொன்னார்கள். தேறினால் எனக்கு பிரான்ஸ், அதுவும் உலகமே பெயர் சொல்லும் ஒயின் விளைகிற ஊர். லீவு போட்டுவிட்டுப் படிப்பதற்காகக் காரைக்கால்மேட்டுக்கு, வீட்டுக்கு வந்தேன். வந்த இடத்தில்தான் காய்ச்சல்.

படிக்க ஏன் வீட்டுக்கு வர வேண்டும் என்றால், அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒயின் புத்தகங்களில் வாசனைகளுக்கு எழுதியிருக்கிற பெயர்களில் பாதியை நான் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. கஸிஸ் என்று ஒரு கறுப்புப் பழம் போடுவார்கள். எனக்கு அது நாவல்பழம். சுருட்டுப் பெட்டி என்பார்கள். அப்பாவின் கூட்டாளி ஒருவர் சட்டைப்பையில் சுருட்டு வைத்திருப்பார், அந்தப் பை எனக்குச் சுருட்டுப் பெட்டி. வயதான ஒயினில் காட்டுத்தரை மணக்கும் என்று எழுதியிருக்கும். நிரவிப் பக்கம் வாழைக்கொல்லையில் மக்கிக் கிடக்கும் சருகை அதற்கு வைத்துக்கொண்டேன். மார்கோ ஊர் ஒயினில் வயலெட் பூ வாசனை வரும் என்பார்கள். ஊதாப்பூ என்றால் எனக்குத் தெரிந்தது டிசம்பர் பூதான், அதற்கு வாசனையே கிடையாது. கடைசியில் அம்மாவின் பழைய பவுடர் டப்பாவைத் திறந்தபோது அதே வாசனை வந்தது. இப்படி என் வாசனைகள் எல்லாம் இந்த ஊரில்தான் இருந்தன. தேர்வுக்கு முன்னால் ஒருமுறை எல்லாவற்றையும் முகர்ந்து ஞாபகப்படுத்திக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன்.

வந்து, ஒவ்வொன்றாகப் போய் முகர்ந்தேன். ஒன்றும் பதில் சொல்லவில்லை.

காலையில் கண் விழித்ததும் முதல் வேலை என் கையையே முகர்வது. பிறகு தலையணை, தேங்காய் எண்ணெய், கற்பூரம். பிறகு தெருவுக்கு வந்து கடலைப் பார்த்து நின்றுகொண்டு ஆழமாக மூச்சை இழுப்பேன். காற்று உள்ளே போகிறது, வெளியே வருகிறது, அவ்வளவுதான். கருவாடு காய்கிற இடத்தில் வாசனை தெரியாமல் நிற்பது இருக்கிறதே, அது பயங்கரமானது. ஊரே கண் முன்னால் இருந்துகொண்டு முகம் கொடுக்காத மாதிரி இருக்கும். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

டாக்டரிடம் மட்டும் தனியாகப் போனேன். இந்தக் காய்ச்சலில் சிலருக்கு இப்படி ஆகிறது, தானாகத் திரும்பி வரும் என்றார். எப்போது என்றேன். சிலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு, தினமும் நாலு பொருளை முகர்ந்து பழகுங்க என்றார். வராமலே போவதும் உண்டா என்று கேட்க வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

மூக்கு கைவிட்டதால் பாடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். போர்தோவில் ஒயின் ஒரு பக்கம், அதற்குப் போட்ட தரவரிசை இன்னொரு பக்கம். திராட்சைத் தோட்டத்தையும் அதில் இருக்கும் வீட்டையும் சேர்த்து ஷாத்தோ என்பார்கள். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தைந்தில் பாரிஸ் பொருட்காட்சிக்காக, எந்த ஷாத்தோவின் ஒயின் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துத் தரகர்கள் ஐந்து தரமாகப் பிரித்தார்கள். போர்தோவில் ஓடும் ஆற்றின் இடது கரையில் அந்த வரிசைதான் இன்றைக்கும். அதற்கப்புறம் ஒரே ஒரு ஷாத்தோ இரண்டிலிருந்து ஒன்றுக்கு ஏறியிருக்கிறது. வலது கரையில் சாந்த் எமிலியோன் ஊர்க்காரர்கள் வேறு மாதிரி, பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகத் தரம் போடுவார்கள், இறக்கப்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள். பக்கத்திலேயே பொமெரோல், அங்கே தரமே கிடையாது, ஆனாலும் விலை யானை விலை. இத்தனையையும் சத்தம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருப்பேன்.

மீன் ஏலம் முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா ஒருநாள் விவரம் கேட்டார். சொன்னேன்.

"வெலைய வச்சித்தான் தரமா? நேத்து வஞ்சிரம் போன வெல இன்னிக்கிப் போவல. இவனுவொ நூத்தம்பது வருஷமா அதே எடத்துல குந்தியிருக்கானுவளா? கெட்டிக்காரனுவொதான்" என்றார்.

அம்மாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. "சாராயத்துல என்னாடி ஒன்னாந்தரம், அஞ்சாந்தரம்?" என்பாள். அவளையும் குறை சொல்ல முடியாது. மீன் கூடையோடு டவுனுக்குப் போகிற வழியெல்லாம் மதுக்கடை. தமிழ்நாட்டு எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுச் சாக்கடை ஓரம் விழுந்து கிடப்பவர்களைத் தாண்டித்தான் அவள் தினமும் நடக்கிறாள். தெருவில் கேட்டால் நான் ஹோட்டலில் மேனேஜர் என்று சொல்லிவைத்திருந்தாள். பிரான்ஸ் பேச்சு வந்ததிலிருந்து என்னோடு சரியாகப் பேசவே இல்லை.

அவளிடம்தான் மாட்டிக்கொண்டேன். அடுப்பில் மீன் குழம்பை வைத்துவிட்டு, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நாலாம் தரத்து ஷாத்தோக்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். குடத்தைக் கீழே போட்டுவிட்டு அம்மா ஓடிவந்தாள்.

"தெரு பூரா தீயிற வாட அடிக்கிது, அடுப்புகிட்டயே ஒக்காந்துருக்க! ஒனக்கு என்னாடி வந்துச்சி?"

சட்டியில் குழம்பு கரியாகிக் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. அம்மாவின் முகம் மாறியது. ஒரு துண்டுக் கருவாட்டை எடுத்துவந்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள். நான் தலையை ஆட்டினேன்.

"எத்தினி நாளா?"

"காய்ச்சல்லேருந்து."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். ஒன்றுமே சொல்லாமல் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் அவளுக்கு நிம்மதி, அதை மறைக்கத்தான் இந்த மௌனம் என்று எனக்குப் பட்டது. கோபமாக வந்தது. பெண் ஊரைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும், அதுதானே இவளுக்கு வேண்டியது, கிடைத்துவிட்டது என்று மனசுக்குள் திட்டினேன்.

ஆனால் மறுநாளிலிருந்து அவள் செய்த வைத்தியத்துக்கு அளவில்லை. நொச்சி இலை போட்டு ஆவி, ஓமத்தைத் துணியில் கட்டி முகரச் சொல்வது, மிளகு ரசம். போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வேர்த்துக் கொட்டுவேன். போர்வைக்கு வெளியிலிருந்து, "வருதா? வருதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எரிச்சல் மட்டும்தான் வந்தது.

தேர்வு நாள் வந்துவிட்டது. காலை பஸ்ஸில் ஏறினேன். சீர்காழி தாண்டி ஒரு அம்மா கருவாட்டுக் கூடையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்சீட்டில் இருந்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார், பின்சீட்டில் ஜன்னலைத் திறந்தார்கள், கண்டக்டர் சத்தம் போட்டார். நான் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவுக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது. "கடக்கர புள்ளயா? அதான் மொகஞ்சுளிக்கல" என்று சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தார். இத்தனை பேருக்குத் தெரிகிறது, மடிக்குப் பக்கத்தில் இருப்பது எனக்குத் தெரியவில்லை. இந்த மூக்கை வைத்துக்கொண்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறேன்?

பிரெஞ்சு அம்மையார் மெலிந்தவர், அதிகம் பேசாதவர். முதலில் தரவரிசையைக் கேட்டார். நான் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு அன்றைக்குக் கைகொடுத்தது. பிறகு பெயர் மறைத்த கோப்பைகளை நீட்டினார். எல்லோரும் செய்வது போல நானும் கோப்பையைச் சுழற்றினேன், மூக்கை உள்ளே விட்டேன், கண்ணை மூடிக்கொண்டேன். நடிப்புதான். வாயில் ஊற்றியதும் நாக்கும் ஈறும் சொன்னதை வைத்துப் பேசினேன். ஈறைக் கவ்விப் பிடித்தது, அதனால் இடது கரை. நாக்கில் வழுக்கிக்கொண்டு போனது, அதனால் வலது கரை. ஓரத்தில் செங்கல் நிறம், அதனால் வயதானது. வாசனைக்கு, அந்தந்த ஊருக்குப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதைச் சொன்னேன். அவர் தலையசைத்துக்கொண்டே குறித்துக்கொண்டார். கிடைத்துவிடும் போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

கடைசியாக மூன்று புட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். மூன்றிலும் ஒரே பெயர், ஒரே வருஷம், இடது கரையின் மூன்றாம் தரத்து ஷாத்தோ. ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் ஊற்றினார்.

"ஒன்றில் தக்கை கெட்டிருக்கிறது. எதைத் திருப்பி அனுப்புவீர்கள்?"

தக்கை கெட்டால் ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். லேசாகத்தான் கெட்டிருந்தால் வாய்க்குச் சரியாகத் தெரியாது, மூக்குதான் சொல்ல வேண்டும். நான் படித்த ஐந்து தரமும் இங்கே உதவாது. அந்தத் தரம் ஷாத்தோவுக்குப் போட்டது. திறந்து வைத்திருக்கிற இந்தப் புட்டிக்குள் இப்போது என்ன இருக்கிறது என்று அது சொல்லாது.

ஒவ்வொன்றையும் முகர்ந்தேன். மறுபடி முகர்ந்தேன். மூன்றும் தண்ணீர் மாதிரி இருந்தன. வாயில் வைத்துப் பார்த்தேன், மூன்றும் ஒன்றுபோலவே பட்டன. அம்மையாரின் முகத்தைப் பார்த்தேன், அங்கேயும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நடுவில் இருப்பது என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சரியாகவே இருந்தாலும் நாளைக்கு இன்னொரு புட்டி திறப்பார்களே, அதற்கு மறுநாள் இன்னொன்று. ஊர் விட்டு ஊர் போய் ஒவ்வொரு மேசைக்கும் இப்படி நடுங்கிக்கொண்டு நடக்க முடியுமா?

"எனக்கு வாசனை தெரியவில்லை. காய்ச்சலில் போய்விட்டது. இதுவரை வாசனை என்று நான் சொன்னதெல்லாம் புத்தகத்தில் படித்தது" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. வலது ஓரத்துக் கோப்பையை என் பக்கம் நகர்த்தி, "இதுதான்" என்றார். அதை இன்னொருமுறை முகர்ந்தேன். எது என்று தெரிந்த பிறகும் ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் உடைந்துபோனேன்.

"இந்த மாதம் முடியும்வரை நான் இந்தியாவில்தான் இருப்பேன். இடத்தையும் அதுவரை வைத்திருக்கிறேன். வாசனை திரும்பினால் வாருங்கள், மறுபடி மூன்று புட்டி திறக்கலாம். அதற்கு மேல் என்னால் முடியாது" என்றார்.

கடற்கரைச் சாலைக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"கெடச்சிதா?"

"இல்லம்மா. மூக்கு வந்தாத்தான் வேல. மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுத்துருக்காங்க."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. அம்மா அழுகிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நாந்தான்டி பண்ணுனேன்" என்றாள். "நீ அந்த ஊருக்குப் போவக்கூடாதுன்னு மாரியம்மங்கோயில்ல மஞ்சத்துணியில காசு முடிஞ்சி கட்டுனேன். தடங்கலாவணும்னுதான் கேட்டேன். ஒன் மூக்க எடுத்துக்கன்னு கேக்கலடி. சத்தியமா கேக்கல."

அடுப்படியில் அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தது எதற்கென்று இப்போது தெரிந்தது. அத்தனை நாளும் போர்வைக்கு வெளியே நின்று அவள் கேட்டுக்கொண்டிருந்ததும் இந்தப் பயத்தில்தான். அன்றைக்கு அந்த மௌனத்தை நான் நிம்மதி என்று நினைத்திருந்தேன்.

"நாளைக்கிக் காலையில மொத வேலையா போயி அவுத்துடறேன். தப்புன்னு விழுந்து கேட்டுக்கிறேன். நீ அழுவாத" என்றாள்.

வேண்டுதல், முடிச்சு, இதிலெல்லாம் எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை கிடையாது. இது ஒரு கிருமி செய்த வேலை, டாக்டரே சொல்லியிருக்கிறார், நீ ஒன்றும் பண்ணவில்லை என்றுதான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நாளைக்கி வேணாம்மா" என்றேன். "இன்னிக்கே போ. இப்பவே போ."