வேலூருக்குக் கொண்டுசென்ற கண்ணாடிக் குழாய்

பெருமதிப்பிற்குரிய வாசகர்களுக்குப் பணிவான வணக்கம். திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்கு ஆய்வு மாதிரி கொண்டுசெல்லும் முறையை நீங்கள் வினவி இரண்டு மாதங்கள் ஆகின்றன. தாமதத்தைப் பொறுத்தருள்க. எழுதக் கை வரவில்லை.

1986, ஆடி மாதம். நீரிழிவு கண்டிருந்த என் தங்கை பல்கீசின் தொண்டையில் ஈஸ்ட் என்னும் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்து, கஞ்சியும் இறங்கவில்லை. முதலில் பலன் தந்த மாத்திரை பிறகு பயன்படவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மருத்துவ நூல்களை அகராதி துணையோடு பயின்றவள் நான். கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது, ஓய்வு கொடுத்தால் மறந்துவிடும் என்று முடிவுகட்டி, மூன்று முறை மாத்திரையை இடையில் நிறுத்தச் செய்தேன்.

உள்ளூர் மருத்துவர் அவள் தொண்டை ஈஸ்ட்டை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று வேலூர் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க, பஞ்சடைத்த கண்ணாடிக் குழாயில் தந்தார். காலை 5.40 பேருந்து, போளூர் வழியாக ஏறத்தாழ 85 கிலோமீட்டர், இரண்டே முக்கால் மணி நேரம், எட்டு ரூபாய்.

"இன்னாம்மா அது, கையிலயே புடிச்சினு வர்ற?" என்றார் நடத்துநர்.

"பூஞ்சை."

"ஊறுகாய்ல பூக்குமே, அதுவா? அதுக்கும் ஒரு டிக்கெட் கிழிக்கட்டா?"

பேருந்தே சிரித்தது. நான் குழாயைச் சாயாமல் பிடித்திருந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் குழாயை ஒப்படைத்து, ஐந்தாம் நாள் முடிவுக்காக மீண்டும் சென்றேன். "அந்த மாத்திரைக்கு இது சாகலம்மா," என்றார் ஆய்வுக்கூட மருத்துவர். அவரிடம் என் ஓய்வுக் கோட்பாட்டை, வெட்கமின்றி, பெருமையோடு விளக்கினேன்.

"பழக்கம் இல்லைங்க, பிறவி. ஈஸ்ட் ஒன்னு ரெண்டாகும்போது மரபணுவை நகலெடுக்கும். அதுல எங்கயோ ஒரு பிழை. மாத்திரை போய் ஒட்டற இடமே மாறியிருக்கும். மத்ததெல்லாம் செத்துச்சு, இது பெருகிடுச்சு. நீங்க நிறுத்தினா மறக்காது. பிழைச்சதுங்க இன்னும் ஜாஸ்தி ஆவும், அவ்வளவுதான்."

திரும்பும் வழியில் போளூர் வந்ததே தெரியவில்லை.

"இன்னா சொன்னாங்கக்கா?" என்றாள் பல்கீஸ். மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப அடுத்த மருந்துக்காச்சும் லீவு வுடாதக்கா," என்று கரகரத்த குரலில் சிரித்தாள்.

மாற்றாக ஊசி மருந்து தொடங்கியபோது பூஞ்சை இரத்தத்திலும் பரவி, காலம் கடந்திருந்தது. ஐப்பசியில் அடக்கம் செய்தோம்.

பயணம் எளிது, இன்று பேருந்துகள் அடிக்கடி உண்டு. குழாய் நிமிர்ந்திருக்க வேண்டும், வெயில் படலாகாது. மருந்து உட்கொள்ளாத நாட்களை ஒன்றுவிடாமல் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உங்களில் எவரேனும் நோயாளியின் மருந்துக்குத் தாமாக ஓய்வு அளித்திருந்தால், இன்றே மருத்துவரிடம் கூறுங்கள். கூறிவிட்டீர்களா என்று எனக்கு விரைந்து பதில் எழுதுங்கள்.