போலந்துக் கடையில் வாங்கிய ஐந்து விளக்குகள்

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு போலந்துக் கடை இருந்தது. ஒரு பக்கம் பாணும் கேக்கும், மற்றப் பக்கம் சோசேஜும் ஊறுகாயும். நாங்கள் ஹனோவருக்கு வந்த புதிதில் சனிக்கிழமைகளில் அதன் வாசலில் வரிசை நிற்கும். நான் சொல்லுகிறது இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து மூன்று நாலு வருசத்துக்குப் பிறகு. அப்போது சோசேஜ் தொங்கின கொழுக்கிகள் வெறுமையாய்க் கிடந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் லைற் எரியும், சாமான் இராது. கடைக்காரரின் படம் கறுப்பு நாடாவோடு சுவரில் தொங்கியது. அவர் போய் இரண்டு வருசம். பின் அறையில் அவர் பாண் சுட்ட போறணை அடுப்பும் அன்றோடு அணைந்துவிட்டது. பாண் வேறெங்கோ இருந்து வான் வண்டியில் வந்து இறங்கும். அப்படியிருந்தும் உள்ளே போனால் சுடச்சுடப் பாண் வாசம் அடிக்கும். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கடையை அவருடைய மனுசிதான் பார்த்தா. எழுபது வயசிருக்கும். நாங்கள் என்ன கேட்டாலும் பின் அறைப் பக்கம் திரும்பித் தங்கள் பாஷையில் சத்தமாய்ச் சொல்லுவா. பிறகு தலையைச் சரித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பா. பிறகு தானே உள்ளே போய் எடுத்து வருவா. முதல்முறை பார்த்த அன்று எனக்கு மயிர் கூச்செறிந்து, வாய்க்குள் "முருகா, முருகா" என்று சொல்லத் தொடங்கிவிட்டேன்.

ஆனாலும் போகாமல் இருக்க ஏலாது. என் மனுசிக்கு அப்போது ஏழாம் மாதம். அசையாமல் படுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை தங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவ வயிற்றில் நின்ற சாப்பாடு அந்தக் கடைப் புளிப் பாணும் பீப்பாய் வெள்ளரிக்காயும்தான். இதற்கு முதல் ஒன்று ஐந்தாம் மாதத்தில் எங்களை விட்டுப் போனது. அதை ஊருக்கும் எழுதவில்லை, இங்கேயும் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் எங்களுக்குள்ளேயும் கதைப்பதில்லை.

கார்த்திகை விளக்கீட்டன்று பாண் வாங்கப் போனேன். ஒரு மூலையில் சிவப்புக் கண்ணாடி விளக்குகள் அடுக்கியிருந்தன. தகர மூடி, மூடியில் சின்னச் சிலுவை. எங்கள் பல்கனியில் வருசா வருசம் காற்று மண் சிட்டி விளக்குகளை ஊதி நூர்த்துவிடும். இது நூராது. சிலுவை இருந்தால் என்ன, ஆருடைய சாமி என்றாலும் சாமிதானே என்று நினைத்தேன். வீட்டில் எத்தனை தலையோ அத்தனை விளக்கு ஏற்றுவது எங்கள் வழக்கம்.

"ஐந்து தாங்கோ" என்றேன்.

"ஐந்தா? எல்லாம் உங்கள் ஆட்களுக்கா?"

"ஓம், எல்லாம் என் வீட்டு ஆட்கள்தான். நான், மனுசி, இரண்டு பொம்பிளைப் பிள்ளைகள். பிறக்கப்போகிறதுக்கும் ஒன்று."

அவ நெஞ்சில் சிலுவை போட்டா. என்னை மேலும் கீழும் பார்த்தா. பிறகு பின் அறையைப் பார்த்து ஏதோ சொன்னா, குரல் நடுங்கியது. ஒவ்வொரு விளக்கையும் பேப்பரில் சுற்றித் தந்தவ, கடைசி விளக்கைக் கையை விட்டு விடவே இல்லை. நான்தான் இழுத்து எடுத்தேன். எங்கள் திருநாளை நினைத்து உருகுகிறா, நல்ல மனுசி என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிட்டது. ஐந்தையும் பல்கனியில் ஏற்றினேன். அறைத் திரைச்சேலை முழுக்கச் சிவப்பு. மூத்தவள் பள்ளிக்கூடத்தால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்கென்ன விசரோ? இது சவக்காலை விளக்கு. செத்த ஒராளுக்கு ஒண்டு வைக்கிறது. எங்கடை வகுப்பிலை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவை."

கட்டிலில் இருந்து மனுசி கேட்டா: "இஞ்சாருங்கோ, எத்தனை வைச்சனீங்கள்?"

 அவ திரைச்சேலையில் தெரிந்த வெளிச்சங்களை எண்ணிவிட்டா. கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, "மத்தியானத்திலை இருந்து பிள்ளை அசையேல்லை" என்றா.

"ஊதி நூர்த்துவிடட்டோ?"

"ஐயோ, விளக்கை ஊதி நூர்க்கிறதே! அதுவும் இண்டைக்கு!"

தானாக நூரட்டும் என்றால் அந்த விளக்கு இரண்டு நாள் எரியும். என் பிள்ளைக்கு வைத்த சவக்காலை விளக்கை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது. மனுசிக்குத் திருநீறு பூசினேன். தோசைமா கரைக்கிற சட்டியில் ஐந்தையும் எரிய எரிய வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எதிரே வந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி ஒதுங்கி நின்றார்.

கடைக்கார மனுசி கதவைத் திறந்து சட்டியைப் பார்த்தா. எனக்குத் தெரிந்த டொச் பாஷையில் சொன்னேன்: "நாங்கள் எல்லாரும் உயிரோடை இருக்கிறம். எங்களுக்கு இது தெரியாது. நூர்க்கவும் கூடாது."

அவ சிரிக்கவில்லை. "தாருங்கோ, என்னிடம் ஆட்கள் இருக்கினம்" என்று உள்ளே கூட்டிப் போனா. பின் அறையில் குளிர்ந்த போறணை. மேசையில் இரண்டு கோப்பை, இரண்டிலும் தேத்தண்ணி. போறணை வாயில் ஒவ்வொரு விளக்காய் வைத்தா. "அப்பா. அம்மா. தங்கச்சி. என் மனுசன்." நாலு. ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றா. அவவிடம் வேறு ஆள் இல்லை.

போறணைப் பக்கம் திரும்பி எதையோ கேட்டா. வழக்கம்போலத் தலையைச் சரித்துக்கொண்டு நின்றா. அந்த நேரம் பாண் வாசம் மூக்கை அடைத்தது. பிறகு என் பக்கம் திரும்பினா.

"இதுக்கு முதல் ஒன்று இருந்ததா என்று அவர் கேட்கிறார்."

 ஓம் என்று தலையை ஆட்டினேன். அவ விளக்கை என் கையில் தந்து போறணையைக் காட்டினா. நாலுக்கும் பக்கத்தில் நானே வைத்தேன். அதற்குத் திதியும் இல்லை, பேரும் இல்லை. ஒரு வெளிச்சம்கூட வைக்காமல் இருந்திருக்கிறோம்.

வீட்டுப் படி ஏறும்போதே மனுசியின் குரல் கேட்டது: "இஞ்சாருங்கோ, அசையுது! ஓடி வாங்கோ!" வயிற்றில் கை வைத்தேன். உதைத்தது. கடையில் நடந்ததை அன்று இரவே அவவிடம் சொன்னேன். அவ "நல்லது" என்று மட்டும் சொன்னா.

மாசியில் மூன்றாவதும் பொம்பிளைப் பிள்ளை பிறந்தது. அந்தக் கடைக்கார அம்மாவுக்குக் காட்டத் தூக்கிக்கொண்டு போனேன். கடை பூட்டிக் கண்ணாடியில் பேப்பர் ஒட்டியிருந்தது. வாசலில் பாண் வாசம் அடித்தது. பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த விளக்கீட்டுக்கு ஐந்து சிட்டியில் எண்ணெய் விட்டேன். மனுசி ஆறாவதைக் கொண்டுவந்து கொஞ்சம் தள்ளி வைத்தா.

"அம்மா, நாங்கள் அஞ்சு பேர்தானே? எண்ணத் தெரியாதோ?" என்றாள் இரண்டாவது.

"தெரியும். நீ சாமியைக் கும்பிடு."